ஐயர் வண்டியும் மஞ்சள் தண்ணீரும்

தீவின் தென்கரையில் இருக்கும் எங்கள் சுயாக்கில் அலமேலு அத்தையோடு சண்டை போடாமல் வாழ்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவள் புருஷன் துரைசாமி. இன்னொருவர் வருஷத்துக்கு ஒரு தடவை காவடிக்கு மட்டும் ஊருக்கு வரும் ஐயர். துரைசாமி மாமா இறந்த பிறகு ஐயர் மட்டும்தான் மிச்சம். அந்த ஐயரை யார் காரில் ஏற்றி வருவது என்பதில்தான் அத்தையின் வாழ்க்கையிலேயே பெரிய சண்டை மூண்டது.

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் இது, அறுபத்தெட்டு. விழா மலருக்கு எங்கள் பக்கத்துப் பெரிய மனிதர் ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். சுயாக் தமிழர்களில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால் கேட்டார்கள். எனக்கும் அதில் பெருமைதான். யாரை எழுதுவது என்று வெகுநேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அலமேலு அத்தை இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள், இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

முப்பத்தேழாம் வருஷம் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது அவளுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான். எங்கள் தோட்டத்துக் கங்காணியை சிர்தார் என்போம். அவர் வேலைக்குத் திரும்பச் சொல்லி வரிசையாக எல்லோரையும் மிரட்டிக்கொண்டு வந்தாராம். ஆண்கள் தரையைப் பார்த்தபடி நின்றார்கள். அத்தை தன் கரும்புக் கத்தியை அவர் பூட்ஸுக்குப் பக்கத்தில் மண்ணில் குத்தினாள்.

"இந்தா, நீ வெட்டு. நான் நிழல்ல நின்னு உன்னைத் திட்டறேன். எவ்வளவு சுகமா இருக்குன்னு நானும் பாக்கறேன்."

அந்த சிர்தாரின் மகன்தான் திருவேங்கடம். தோட்டத்து ஆபீசில் குமாஸ்தா, கோயில் கமிட்டிக்குச் செக்ரட்டரி. வெள்ளை வேட்டியில் ஒரு சுருக்கம் இருக்காது. அப்பா பட்ட அவமானத்தை மகன் மறக்கவில்லை. அவர் மறந்துவிடாதபடி அத்தையும் பார்த்துக்கொண்டாள்.

துரைசாமி மாமா தோட்டத்து லாரி ஓட்டியவர். யுத்தம் முடிந்ததும் ஆலை எஞ்சினியர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்ற பழைய சாம்பல் நிறக் காரை வாங்கி வாடகைக்கு விட்டார். கரும்பு வெட்டிய குடும்பத்தில் யாரும் அதற்கு முன் கார் வைத்திருந்ததில்லை. வருஷா வருஷம் தைப்பூசக் காவடியன்று காலையில் தீவின் மறுகோடியிலுள்ள தலைநகர் போர்ட் லூயிக்குப் போய் ஐயரை ஏற்றி வருவது அந்தக் கார்தான். அதனால் அதற்கு ஐயர் வண்டி என்றே பெயர். ஐயர் ஏறிய வண்டியில் தங்கள் பெண் கோயிலுக்குப் போக வேண்டும் என்று கல்யாண வீட்டுக்காரர்கள் தேடி வருவார்கள். மாமா போன பிறகு அத்தைக்குச் சோறு போட்டது இந்தப் பெயர்தான். பெயர் போனால் கார் வெறும் தகரம். அதுவும் ஓட்டைத் தகரம்.

கார் ஓட்ட க்ளோட் என்ற, ஆப்பிரிக்க வம்சத்துக் கிரியோல்காரனை வைத்துக்கொண்டாள். சுயாக் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன், கிறிஸ்தவன், அவனுக்கும் வாய் சும்மா இருக்காது. இரண்டு பேரும் காலையில் கார் கதவைத் திறக்கும்போது ஆரம்பித்தால் சாயங்காலம் மூடும்வரை ஓயாது. பேச்சு, தீவில் எல்லோரும் பேசும் பிரெஞ்சுக் கலப்பான கிரியோலில் நடக்கும். எங்கள் ஊரில் தமிழ் அப்போதே கோயிலுக்குள் ஒதுங்கிவிட்டது. ஆனால் அத்தை திட்டுவது மட்டும் சுத்தத் தமிழில். க்ளோட்டுக்குத் தெரிந்த தமிழெல்லாம் அப்படி வந்ததுதான். இங்கே எல்லாவற்றையும் நான் தமிழிலேயே எழுதுகிறேன்.

சண்டை மூண்டது மாமா இறந்த பிறகு வந்த முதல் காவடியில். கொடியேற்றத்துக்கு முன்பு கமிட்டி கூடியது. திருவேங்கடம் எழுந்தார்.

"தாலி இழந்தவ வண்டி. ஓட்டறவன் பன்னி தின்னறவன். அதுல ஐயரை ஏத்தி வந்தா சாமி ஏத்துக்குமா? என் மாப்பிள்ளை புதுசா கார் வாங்கியிருக்கார். கண்ணாடி மாதிரி இருக்கு. அதை அனுப்பறேன்."

பெண்கள் அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. அத்தை வாசலில் செருப்பை உதறிவிட்டு நேரே உள்ளே வந்தாள்.

"உன் அப்பன் வெள்ளைக்காரன் குதிரைக்குப் பின்னால ஓடினானே, அப்ப அந்தக் குதிரை விரதம் இருந்துச்சா செக்ரட்டரி?"

"பாத்தீங்களா இவ வாயை? இந்த வாயோட சேர்ந்துதான் ஐயர் வரணுமா?"

"வண்டி விரதம் இருக்கும். ஓட்டறவனும் விரதம் இருப்பான். கொடி ஏறினதிலேர்ந்து கொடி இறங்கற வரைக்கும் என் வண்டியில ஒரு மீன் செதில் இருக்காது. போதுமா?"

பெரியவர்கள் இரண்டு பக்கமும் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த வருஷம் அத்தையின் கார் போகலாம். அதில் சுத்தக்குறைவு ஏதாவது தெரிந்தாலோ, ஐயர் வரத் தாமதமானாலோ, அடுத்த வருஷத்திலிருந்து திருவேங்கடத்தின் மாப்பிள்ளை கார்தான் ஐயர் வண்டி.

"ஒரே ஒரு குறை கண்ணுல படட்டும்," என்றார் திருவேங்கடம்.

"படாது. உன் கண்ணுதான் பெரிய குறை."

க்ளோட்டிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கொடியேறிய அன்று காலையில் கார் கதவைத் திறக்க வந்தவன் கையில் அத்தை மஞ்சள் கயிற்றைக் கட்டினாள்.

"இது எதுக்கு மதாம்?"

"இன்னிலேர்ந்து கறி கிடையாது, மீன் கிடையாது, முட்டை கிடையாது, ரம் கிடையாது."

"ஆயோ! நான் தமிழனா? நான் கடலோரத்துல பொறந்தவன்! இன்னும் கொஞ்ச நாள்ல எங்க கோயில் நோன்பு வேற வருது. வருஷம் பூரா நான் பட்டினியா?"

"வேலை வேணும்னா இரு. வேண்டாம்னா மஞ்சக் கயித்தைக் கழட்டிக் குடுத்துட்டுப் போ. கயிறு எனக்கு வேணும்."

அவன் இருந்தான். பருப்பும் பூசணிக்காயும் தின்றுகொண்டு, சாலையில் தென்பட்ட எல்லா மனிதர்களையும் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு இருந்தான். மத்தியானச் சாப்பாட்டை அத்தை தன் கண் முன்னாலேயே உட்கார வைத்துப் போடுவாள். சாயங்காலம் கடற்கரைப் பக்கம் போனால் பின்னாலேயே போய் வாயை முகர்ந்து பார்ப்பாள்.

டிரைவரைச் சுத்தம் செய்தாகிவிட்டது. அடுத்து வண்டி. இங்கேதான் அத்தை ஒரு காரியம் செய்தாள்.

அந்த ரேடியேட்டரில் ஓட்டைகள் புதிதல்ல. மாமா உயிரோடு இருந்த காலத்தில் ஒழுக ஆரம்பித்தால் ஒரு முட்டையை உடைத்து உள்ளே ஊற்றுவார். சுடுதண்ணீரில் முட்டை வெந்து, ஒழுகும் இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். ஊரில் கார் வைத்திருந்த எல்லோரும் செய்த வைத்தியம்தான். வருஷக்கணக்கில் அப்படி எத்தனை முட்டை உள்ளே போனதோ. அத்தைக்கு அது நினைவுக்கு வந்தது. முட்டை படிந்த ரேடியேட்டரோடு போய் ஐயரை ஏற்றுவதா?

வீட்டில் நாள் கிழமை வந்தால் பித்தளைக் குத்துவிளக்கை எதைப் போட்டு விளக்குவோம்? புளி. ரேடியேட்டரும் பித்தளைதானே. ஒரு சட்டி நிறையப் புளியைக் கரைத்து உள்ளே ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, திறந்துவிட்டாள். கறுப்பாக, திட்டுத் திட்டாக, பல வருஷத்து முட்டை வெளியே வந்தது. மறுபடி புளி. மறுபடி தண்ணீர். கடைசியில் வந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அத்தைக்கு அப்படி ஒரு திருப்தி.

க்ளோட் தலையில் கை வைத்துக்கொண்டான். "மதாம், அந்த முட்டை போச்சுன்னா ரேடியேட்டரே போச்சு. முட்டைதான் ரேடியேட்டர். பித்தளை சும்மா அதைச் சுத்தி இருக்கு."

"பழையதெல்லாம் உள்ள வச்சிக்கிட்டு விரதம் இருக்கச் சொல்றியா?"

"என்னை மட்டும் இருக்கச் சொன்னியே!"

காவடியன்று விடியும்போது இருவரும் கிளம்பினார்கள். க்ளோட் ரம் கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவான் என்ற சந்தேகத்தில் அத்தையும் கூடவே ஏறிக்கொண்டாள். காரின் நெற்றியிலும் நான்கு கதவுகளிலும் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தாள். வழியில் மேட்டிலுள்ள கியூர்பிப்பில் மழை பெய்யாத நாள் கிடையாது. அங்கே பொட்டு கரைந்துபோகும். ஐயர் ஏறும்முன் மறுபடி பூச வேண்டும் என்று மஞ்சள் பொடி டின்னை மடியில் வைத்திருந்தாள்.

நூவெல் ஃபிரான்ஸ் ஏற்றத்தில் கார் சீறியது. க்ளோட் ஓரத்தில் நிறுத்திச் சாக்கைப் போட்டு மூடியைத் திறந்தான். ஆவி அடித்தது. ரேடியேட்டரின் கீழ்ப்பக்கம் நாலைந்து இடத்தில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. துணி துவைக்கிற நீல சோப்பைப் பிசைந்து வெளியிலிருந்து அப்பினான். பக்கத்து ஓடையில் தண்ணீர் மொண்டு ஊற்றினான். கொஞ்ச தூரம் போனார்கள். சோப்பு உருகி நுரையாக வழிந்தது. கார் மறுபடி சீறியது. மழையும் பிடித்துக்கொண்டது. வானத்திலிருந்து அவ்வளவு தண்ணீர் கொட்டியும் ரேடியேட்டரில் ஒரு சொட்டுகூடத் தங்கவில்லை.

"முட்டை, மதாம்," என்றான் க்ளோட். "அந்த வீட்டுல கோழி கத்துது. ஒரே ஒரு முட்டை. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"உன் புருஷன் ஊத்தினார்!"

"கொடி ஏறினதுக்கு அப்புறம் ஊத்தினதில்ல."

"அப்ப ஐயர் போர்ட் லூயிலேயே இருக்கட்டும். செக்ரட்டரி மாப்பிள்ளை இந்நேரம் காரைத் துடைச்சு வச்சிக்கிட்டுச் சிரிச்சிக்கிட்டு இருப்பான்."

அத்தை மடியிலிருந்த டின்னை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இதெல்லாம் க்ளோட் பின்னாளில் என்னிடம் சொன்னது. அவள் பிடிவாதம் அவனுக்கு இன்னும் எரிச்சலை மூட்டியிருக்கிறது.

"விளக்கு மாதிரித் தேய்ச்சியே, இப்ப விளக்குக்குப் பூசை பண்ணு! முட்டை ஆகாதுன்னா உன் சாமிப் பொடியைக் கொட்டு. கொட்டேன்! சாமி வந்து அடைக்கட்டும்!"

"கொட்டறேன்டா. கொட்டினா என்ன?"

மடியிலிருந்த டின்னை அப்படியே ரேடியேட்டர் வாயில் கவிழ்த்தாள். சாமியை நம்பிச் செய்தாளா, க்ளோட்டின் வாயை அடைக்கச் செய்தாளா என்று கேட்டால், இன்றுவரை அத்தை என்னையே திட்டுகிறாள். க்ளோட் முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் ஊற்றி எஞ்சினைக் கிளப்பினான். "கறிதான் பாக்கி," என்றான்.

பொடி சுடுதண்ணீரில் ஊறி உப்பியது. ஒழுகல் சொட்டாகக் குறைந்தது. பிறகு எப்போதாவது ஒரு சொட்டு. கார் போர்ட் லூயி போய்ச் சேர்ந்தது. பொட்டு வைக்க டின்னில் மஞ்சள் இல்லை. அத்தை டின்னின் அடியை விரலால் சுரண்டி முன்பக்கத்தில் மட்டும் ஒரு பொட்டு வைத்தாள். ஐயர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், நல்ல மனிதர், கார் நகர்ந்ததும் தூங்கிவிடுவார்.

சுயாக்கில் ஆற்றங்கரையில் காவடிகள் தயாராக இருந்தன. அலகு குத்தியவர்கள் வெயிலில் நின்றார்கள். நானும் பால் செம்போடு நின்றுகொண்டிருந்தேன். கியூர்பிப்பில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வருஷம் அது. திருவேங்கடம் சாலையையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கோவிந்தம்மா ஐயருக்கு ஆரத்தி எடுக்கத் தட்டோடு நின்றாள். சாம்பல் கார் வந்தது. நேரத்துக்கே வந்தது.

செக்ரட்டரி முகம் தொங்கிப்போனது. ஐயர் இறங்கினார். கோவிந்தம்மா ஆரத்தி சுற்றினாள். அத்தை கார் கதவில் சாய்ந்து நின்று திருவேங்கடத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவசரப்பட்ட சிரிப்பு.

பின்னாலேயே பட்டென்று ஒரு சத்தம். ரேடியேட்டர் மூடி தெறித்தது. ஆவியோடு மஞ்சள் நுரை பொங்கிக் காரின் முன்பக்கமெல்லாம் வழிந்தது. கட்டி கட்டியாக, கொழகொழவென்று தரையில் விழுந்தது.

திருவேங்கடம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகமே மாறியிருந்தது.

"முட்டை!" என்று கத்தினார். "மஞ்சக்கரு! எல்லாரும் பாருங்க! முட்டையை ஊத்தி அதுக்கு மேல ஐயரை உக்கார வச்சிருக்கா!"

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. காவடி எடுத்தவர்கள் இன்னும் இரண்டடி. என் பக்கத்திலிருந்த பெண் முந்தானையால் பால் செம்பை மூடினாள். நானும் செம்பை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

"மஞ்சள்யா அது! மஞ்சப் பொடி!" என்றாள் அத்தை.

"மஞ்சப் பொடியை யாராவது ரேடியேட்டர்ல போடுவாங்களா? காருக்கு முகத்துல பூசிக் குளிக்கவா?" சிலர் சிரித்தார்கள். "ஐயரே, நீங்க சொல்லுங்க."

ஐயர் மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். "நான் கண்ணை மூடிண்டு ஜபம் பண்ணிண்டு வந்தேன். நேக்கு ஒண்ணும் தெரியாது."

"ஜபமாம். கியூர்பிப்லேர்ந்து குறட்டை," என்றான் க்ளோட்.

திருவேங்கடம் அவன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுடா. நீ பொய் சொன்னாலும் உங்க சாமி கேக்கும். முட்டை ஊத்தினியா இல்லையா?"

க்ளோட்டுக்கு அத்தனை நாள் பருப்பும் பூசணிக்காயும் மொத்தமாகத் தொண்டைக்கு வந்திருக்க வேண்டும்.

"முட்டையா? இந்தப் பொம்பளை என்னை ஒரு முட்டையைக் கண்ணாலகூடப் பாக்க விடல! என் கையில ஒரு முட்டை கிடைச்சிருந்தா அதை ரேடியேட்டருக்கா குடுத்திருப்பேன்? நான் தின்னிருப்பேன்! ஓட்டோட தின்னிருப்பேன்!"

அலகு குத்தியவர்கள் மட்டும்தான் சிரிக்கவில்லை. அவர்களால் முடியாது. திருவேங்கடத்தின் கழுத்து சிவந்தது.

"சம்பளக்காரன் பேச்சு ஒரு சாட்சியா? கமிட்டி பேசினது பேசினதுதான். அடுத்த வருஷம் என் மாப்பிள்ளை கார். இவ வண்டி கோயில் பக்கமே வரக்கூடாது."

அத்தை நேராகக் கோவிந்தம்மாவிடம் போனாள். ஆரத்தித் தட்டில் சிவப்புத் தண்ணீர் இன்னும் தளும்பிக்கொண்டிருந்தது. மஞ்சள் தண்ணீரைச் சிவப்பாக்கக் கொண்டுவந்த சுண்ணாம்புச் சிமிழ் அவள் இன்னொரு கையில் இருந்தது.

"அந்தச் சுண்ணாம்பைக் குடு."

"குடுக்காதே!" என்றார் திருவேங்கடம்.

கோவிந்தம்மா புருஷனைப் பார்த்தாள். மாப்பிள்ளை அவளுக்கும் மாப்பிள்ளைதான், கொடுக்க மாட்டாள் என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் வீட்டில் அவளுக்கு என்ன கணக்கு பாக்கி இருந்ததோ, சிமிழை நீட்டினாள்.

அத்தை காரிலிருந்த க்ளோட்டின் சாப்பாட்டுத் தட்டை எடுத்து ரேடியேட்டருக்கு அடியில் பிடித்தாள். மஞ்சள் தண்ணீர் சொட்டி நிறைந்தது. எல்லோருக்கும் தெரியும்படி தட்டை உயர்த்தி, சுண்ணாம்பை விரலால் வழித்து அதில் கலக்கினாள். தண்ணீர் கருத்தது. சுழன்றது. குங்குமம் மாதிரிச் சிவந்தது. கோவிந்தம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டும் ஒரே நிறம்.

"பொம்பளைங்களா, சொல்லுங்க. வீட்டு வீட்டுக்கு ஆரத்தி கரைக்கறீங்களே. முட்டையில சுண்ணாம்பு போட்டா சிவக்குமா?"

"சிவக்காது," என்று பின்னாலிருந்து ஒரு குரல். பிறகு நாலு குரல். பிறகு எல்லாப் பெண்களும்.

அத்தோடு அவள் நிறுத்தியிருந்தால் அலமேலு அத்தையே இல்லை. தட்டோடு திருவேங்கடத்தின் முன்னால் போய் நின்றாள்.

"தாலி இழந்தவ ஆரத்தி எடுக்கக்கூடாது!" என்று அவர் பின்னால் நகர்ந்தார். பின்னால் காவடிகள். நகர இடமில்லை.

"இது ஆரத்தி இல்ல. கண்ணு கழிக்கறது. அதுக்குத் தாலி வேண்டாம்."

தட்டை அவர் முகத்துக்கு நேரே மூன்று சுற்றுச் சுற்றினாள். "செக்ரட்டரி கண்ணு, செக்ரட்டரி அப்பன் கண்ணு, அவன் மாப்பிள்ளை கண்ணு, மாப்பிள்ளை கார் விளக்குக் கண்ணு..." சுற்றி முடித்துத் தண்ணீரை அவர் காலடியில் கொட்டினாள். அவர் குதித்தார். போதுமான அளவு குதிக்கவில்லை. வெள்ளை வேட்டியின் முழங்கால்வரை சிவப்புத் தெறித்தது.

அந்தக் கறையோடுதான் அவர் அன்று ஊர்வலத்தின் முன்னால் நடந்தார். மாற்றிக்கொள்ள வீட்டுக்குப் போனால் அலமேலு ஜெயித்துவிட்டாள் என்று ஆகிவிடும் அல்லவா?

அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும், ஐயர் சாம்பல் காரில்தான் வந்தார். கமிட்டியில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திருவேங்கடம் அத்தையோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அத்தை நிறுத்தவில்லை, அவர் கடந்து போகும்போது க்ளோட்டைக் கூப்பிட்டு, அவருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவனுக்குச் சொல்வாள். போன வருஷத் தேர்தலில் இரண்டு பேரும் எதிரெதிர்க் கட்சி. அவர் எந்தக் கட்சி என்று விசாரித்துவிட்டுத்தான் அத்தை தன் கட்சியை முடிவுசெய்தாள் என்று ஊரில் சொல்கிறார்கள். நான் அதை மறுக்க மாட்டேன்.

மேல்படிப்புக்குக் கப்பலேற நான் துறைமுகத்துக்குப் போனதும் அந்தக் காரில்தான். வழியெல்லாம் திட்டு. "படிச்சுட்டு வந்து கமிட்டியில சேர்ந்துடாதே. உனக்கும் ஒரு தட்டு வச்சிருக்கேன்." நான் பட்டத்தோடு திரும்பி வந்தேன். இன்றுவரை கமிட்டியில் சேரவில்லை.

அந்தக் காவடிக்கு மறுநாள் கோயிலில் கொடி இறங்கியது. அத்தை க்ளோட்டின் கையிலிருந்த மஞ்சள் கயிற்றை அறுத்துவிட்டு, ரேடியேட்டருக்கு ஒரு முட்டை வாங்கி வரச் சொன்னாள். அவன் கடைக்குப் போனவன் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. மீசையில் மஞ்சள் இருந்தது.

"ரேடியேட்டருக்கு எங்கடா?" என்றாள் அத்தை.

"அதுக்கு இன்னும் விரதம்," என்றான் க்ளோட்.

அத்தை தமிழில் ஆரம்பித்தாள். கடற்கரை வரைக்கும் கேட்டது.